அடுப்புச் சாம்பலில் ஒரு பிறை

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ராகலையில் மாப்பிள்ளை பார்த்துப் பரிசமும் போட்டாகிவிட்டது. அந்த நேரம் பார்த்தா இது வந்து தொலைய வேண்டும்?

தேயிலை மலையில் நிற்கும்போது, கண்ணுக்கு நேரே ஒரு வெளிச்சப் புள்ளி மினுங்கியது. மெல்ல விரிந்து, ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக வெட்டிய பிறைபோல ஆனது. கொழுந்தைப் பார்த்தால் என் கையில் பாதியைக் காணோம். கண்ணை மூடினாலும் அது போகவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் தானாக மறைந்தது. ஒருபக்கத் தலை பிளந்துவிடும்போல வலித்தது. கூடையோடு உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

மறுபடியும் வந்ததும் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் முழுக்க ஒரே பேச்சு, என்னை முனி அடித்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை பேயோட்டும் கோடாங்கியை அழைத்து உடுக்கடிப்பதென்று அம்மா முடிவு செய்துவிட்டார். எனக்கோ கல்யாணம் நின்றுவிடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

சேதி கேட்டு மாப்பிள்ளையின் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். வந்த வேகத்தைப் பார்த்து, பரிசப் புடவையைத் திருப்பிக் கொடுக்க எடுத்தே வைத்துவிட்டேன்.

"ஏம் புள்ள, ஒன் கண்ணுக்கு என்னதான் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டார்.

வாயால் சொல்ல வரவில்லை. அடுப்புச் சாம்பலைப் பரப்பி, அந்தப் பிறையை விரலால் போட்டுக் காட்டினேன்.

குனிந்து பார்த்தவர், பிறையின் உள்பக்கத்தைத் தன் கையால் மெதுவாக அழித்தார்.

"இந்த எடத்துல ஒன்னுமே தெரியாது, அப்புடித்தான? எனக்குக் கொமரியா இருந்தப்பவே வந்துருச்சு. முனின்னு சொல்லிப்புடுவாங்கன்னு வாயத் தொறக்கல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கோடாங்கியை வர வேண்டாமென்று சொல்லிவிட்டு, இருவரும் ஹட்டனில் ஒரு டாக்டரிடம் போனோம்.

"கண்ணுல கோளாறு இல்லம்மா, இது ஒத்தத் தலைவலி. மூளையோட பின்பக்கத்துல, பார்வைக்கான எடத்துல இது தொடங்குது. பனிமூட்டம் மலை ஏறுற மாதிரி மெதுவா பரவுது. அதத்தான் நீங்க வெளிச்சமா பாக்குறீங்க. வலி பின்னால வரும். சிலருக்கு மட்டும் ஏன் வருதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசா தெரியல," என்றார். வெளிச்சம் தெரிந்ததுமே மாத்திரையைப் போட்டு இருட்டில் படுக்கச் சொன்னார்.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. அதன்பிறகு அத்தைக்கோ எனக்கோ வெளிச்சம் தெரிந்தால் மற்றவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். அன்று சாம்பலில் அந்தப் பிறையை நான் போடாமல் இருந்திருந்தால், அத்தையும் நானும் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்தே காலத்தைக் கழித்திருப்போம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.