அத்தை சார்ஜ் போட்ட பேட்டரிகள்

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி, அம்பாங்கான் டவுனிலிருந்து புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். அதுவரை தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் நான். மாமியாரோடு சேர்ந்து, பட்டை சீவிப் பால் எடுக்கப் பால்மரம் வெட்ட வேண்டும் என்பதை அங்கே போன பிறகுதான் சொன்னார்கள்.

விடிவதற்கு முன்பே வெட்டத் தொடங்க வேண்டும். அத்தைக்கும் எனக்கும் ஆளுக்கொரு சின்ன டார்ச் லைட். சைக்கிள் டியூப்பைக் கீறி நெற்றியில் கட்டிக்கொள்வோம். என் கணவர் லுக்குட் பாசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து சார்ஜ் போடுகிற பேட்டரிகளும் ஒரு சார்ஜரும் வாங்கி வந்தார். சார்ஜரில் ஒரு சமயத்தில் ஒரு ஜோடிதான் வைக்கலாம். தோட்டத்து எஞ்சின் ஓடுகிற மாலை நேரத்தில் மட்டுமே கரண்ட். மாற்றி மாற்றிப் போடுகிற பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார்.

“நீ சமையலப் பாரு. ஒன்னோடதையும் நானே போட்டு வைக்கிறேன்.”

அன்பு என்று நினைத்தேன்.

சாதா பேட்டரி தீரும்போது வெளிச்சம் மஞ்சளாகி மங்கும். இது அப்படியில்லை. நன்றாக எரியும், சட்டென்று அணையும். என்னுடையது தினமும் நாலைந்து மரத்திலேயே அணைந்தது. தடவித் தடவி வெட்டினேன். உளி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கியது. காயம்பட்ட மரங்களைக் காட்டி, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எல்லார் முன்னாலும் திட்டினார். “இருட்டக் கண்டா பயந்து நின்னுருது,” என்று அத்தை தன் மகனிடம் சொன்னார். என் கணவர் என்னை அறைந்தார்.

ஒருநாள் லைட் அணைந்ததும் கால் தவறி, தண்ணீர் ஓடுகிற கான் பள்ளத்தில் விழுந்தேன். எப்படி விழுந்தேனோ, உளி வலது உள்ளங்கைக்கு அடியில் சிக்கிக் கிழித்துவிட்டது. பக்கத்து நிரையில் அத்தையின் வெளிச்சம் தெரிந்தது. கூப்பிட்டேன். அது என் பக்கம் திரும்பியது, சற்று நின்றது, பிறகு அடுத்த மரத்துக்குப் போய்விட்டது. விடிந்த பிறகு மண்டோர்தான் பார்த்துத் தூக்கினார்.

கட்டு அவிழ்ப்பதற்குள் மறுபடி வெட்டப் போகச் சொன்னார்கள். அதற்கு முந்தின மாலை அத்தையே சமைத்திருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தை என் பேட்டரிகளைச் சார்ஜரில் வைத்தார். கொஞ்ச நேரத்திலேயே உருவிவிட்டுத் தன்னுடையதை வைத்தார்.

“அத்தை, இப்பத்தானே வெச்சீங்க?”

அவர் திடுக்கிடவில்லை. “ஒனக்கு அது போதும்.”

“தெனமும் இப்படித்தானா?”

“ஆமா. ஒரு வாரத்துல ஆத்தா வீட்டுக்கு ஓடிருவேன்னு பாத்தேன். ஓடலியே.”

தன் அண்ணன் மகளைத்தான் மருமகளாக்க நினைத்திருந்தார். அது எனக்கும் தெரியும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தேன்.

“அம்மாவுக்கு வயசாச்சு லா. அவங்களுக்குத்தான் வெளிச்சம் வேணும்,” என்றவர் ரசம் ஊற்றச் சொன்னார். இடது கையால் ஊற்றினேன்.

இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. உளி பிடிக்க வராததால் புல் வெட்டுகிற கும்பலில் போட்டார்கள். கையில் என்ன என்று கணக்கெழுதுகிற கிராணி கேட்டபோது அத்தை முந்திக்கொண்டார். “டவுன் புள்ளைங்கய்யா. உளி புடிக்கத் தெரியல.” கிராணி சிரித்தார். நான் தலையாட்டினேன். அம்பாங்கானில் கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கைகள் இருந்தார்கள். திரும்பிப் போக முடியாது.

அடுத்த மாதம் கணவர் இன்னொரு சார்ஜர் வாங்கி வந்தார். மீன் பிடிக்கப் போகும்போது அவருக்கு லைட் வேண்டியிருந்தது.