மிசுஹோ விட்டுப்போன ஆறு டேப்புகள்

மகள் வீட்டை விட்டுப் போன பதினேழாம் நாள்தான் தொகுஜி அந்த டேப்புகளைக் கையில் எடுத்தார்.

அதுவரை செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்தாயிற்று. மிசுஹோவின் பள்ளித் தோழிகள் மூன்று பேரைத் தேடிப் போய்க் கேட்டார். அவள் முன்பு வேலை பார்த்த மருந்துக் கடையில் கேட்டார். கைப்பேசிக்கு அடித்தால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. காவல் நிலையத்தில் ஒரு வயதான காவலர், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அந்த ஒற்றை வரிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ‘என்னைத் தேட வேண்டாம்’ என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

“பொண்ணுக்கு இருபது வயசு முடிஞ்சாச்சு. துணிமணி எடுத்துக்கிட்டு, கடிதாசி எழுதி வெச்சிட்டுப் போயிருக்கா. இது காணாமப் போனது இல்லீங்க, கெளம்பிப் போனது” என்றார் அவர்.

அந்தச் சொல் தொகுஜியை விடவே இல்லை. முப்பது வருஷமாகத் தகாவோகாவில் டவுன் பஸ் ஓட்டுகிறவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்பும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தன் வீட்டிலிருந்து ஒருத்தி கிளம்பியது அவருக்குத் தெரியவில்லை.

டேப்புகள் அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஆறு. அவள் பள்ளியில் படித்த காலத்தில் தோக்கியோவில் இருந்த ஒரு சிநேகிதி, இந்தப் பக்கம் ஒளிபரப்பாகாத ஒரு கார்ட்டூன் தொடரைப் பதிவுசெய்து அனுப்பியவை. பதின்மூன்று பாகம். வேலையை விட்டுவிட்டு எட்டு மாதம் அறைக்குள்ளேயே கிடந்தபோது மிசுஹோ திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்ததும் இதைத்தான். ஒரே விஷயத்தை ஒருத்தி நூறு தடவை பார்க்கிறாள் என்றால் அவள் போன இடமும் போன காரணமும் அதற்குள் எங்கோ இருக்க வேண்டும். தொகுஜிக்கு அப்படித் தோன்றியது. வேறு எதுவும் மிச்சம் இல்லாதவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அவருக்குக் காலையில் ஒரு பஸ் நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவில் ஆறு மணி நேரம் வீட்டில்தான் இருப்பார். டிசம்பர் முதல் வாரம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், கீழே சூடு வரும் தாழ்ந்த மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு முதல் டேப்பைப் போட்டார்.

நாகி என்று ஒரு பெண். பள்ளிக்கூடம் போகிறவள். தினம் காலையில் எழுந்து பார்த்தால் அவள் வீட்டில் ஒரு கதவு குறைந்திருக்கிறது. நேற்றுக் கதவு இருந்த இடத்தில் இன்று வெறும் சுவர். அப்பா அம்மா தம்பி யாருக்கும் அது தெரிவதில்லை. அவர்கள் பாட்டுக்குச் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். முதல் பாகம் அவ்வளவுதான். இரண்டாம் பாகம் ஒரு சாவு வீட்டில் ஆரம்பித்தது. செத்தது யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. மூன்றாவதில் நாகியே இல்லை. நாலாவதில் அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் வருகைப் பதிவில் அவள் பெயரைத் தாண்டிப் போகிறார். நடுவில் திடீரென்று திரை கறுத்துப்போய் ஒரு நிமிஷம் முழுக்க யாரோ முள்ளங்கி நறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நேற்று நடந்தது நாளைக்குப் பிறகு வந்தது. ஒரே உரையாடல் இரண்டு பாகங்களில் வந்தது. இரண்டாம் தடவை வேறு ஆட்கள் பேசினார்கள்.

நாலாவது பாகம் முடிந்ததும் ஐம்பத்துமூன்று வயது மனுஷர் எழுந்து போய்த் தன் வீட்டுக் கதவுகளை எண்ணினார். ஒன்பது இருந்தன. எண்ணி முடித்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். காட்சிகளைப் பஸ் நேர அட்டவணைபோலக் கட்டம் போட்டு எழுதினார். சுவர்க் கடிகாரம் என்ன மணி காட்டுகிறது, மரத்தில் இலை இருக்கிறதா, நாகியின் முடி எவ்வளவு நீளம் என்று குறித்து, எது முந்தி எது பிந்தி என்று வரிசைப்படுத்தப் பார்த்தார். ஒருநாள் எல்லாம் பொருந்தி வரும். மறுநாள் ஒரு காட்சி இடிக்கும். எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார்.

இரண்டு மணிக்கு மீன் கேக் ஆலையில் வேலை முடிந்து அவர் மனைவி கினுயே வருவாள். ரப்பர் காலணியைக் கழற்றிவிட்டு ஒரு கணம் வாசலில் நின்று அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பாள். தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பணிமனையில் விஷயம் பரவியது. “என்ன தொகுஜி அண்ணே, சின்னப் புள்ளைங்க பாக்குற படத்துக்கெல்லாம் பரீட்சை எழுதப் போறீங்களா?” என்று நோட்டைப் பார்த்த ஒரு டிரைவர் சிரித்தான். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “சும்மா சொன்னேண்ணே” என்று நகர்ந்துவிட்டான்.

நாலாவது டேப்பில் ஏழாம் பாகம் முடிந்து எட்டாவது வர வேண்டும். வரவில்லை. விசில் சத்தமும் மேளமும் வந்தது. கொளுத்தும் வெயிலில் பள்ளிக்கூடப் பேஸ்பால் ஆட்டம். தங்கள் மாவட்டப் பையன்கள் தோற்றுப்போன ஆட்டம். நாலு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட். டேப்பு தேடியபோது கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் பதிவு செய்தவர் அவரேதான்.

அன்றைக்குப் பதினாறு வயசு மிசுஹோ அதைப் பார்த்துவிட்டு நின்ற நிற்பு இப்போது ஞாபகம் வந்தது. சண்டை போடவில்லை. அழவும் இல்லை. “தலையும் இல்லாம வாலும் இல்லாம ஒரு கதை. நடுவுல ஒண்ணு போனா என்ன கொறஞ்சிடப் போவுது?” என்று அவர்தான் சொன்னார். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

தொகுஜி டேப்பை வெளியே எடுத்துப் பார்த்தார். முதுகில் அவளுடைய சின்ன எழுத்தில் ‘அழிக்க வேண்டாம்’ என்று இருந்தது. மை வெளுத்துப் போயிருந்தது. அன்றைக்கும் அது அங்கே இருந்திருக்க வேண்டும். அவர்தான் படிக்கவில்லை.

எட்டாவது பாகத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார். அப்படி நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. அது அவரிடம் இல்லை என்பது ஒன்றுதான் ஆதாரம்.

ரயிலடிக்குப் பக்கத்து வாடகை வீடியோக் கடையில், முடியைப் பின்னால் கட்டியிருந்த நிஷிதே என்கிற ஆள் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தான். முப்பது வயசிருக்கும். பஸ் கம்பெனிச் சீருடையில் ஒருவர் வந்து இதைக் கேட்டது அவனுக்கு ஆச்சரியம்.

“சார், இதுல என்ன நடக்குதுன்னு எனக்கே தெரியாது. பத்து தடவை பாத்திருக்கேன்” என்றான்.

“எட்டாவதுல அந்தப் பொண்ணு எங்க போறா?”

“ஸ்டேஷனுக்கு. கடலோரம் ஒரு குட்டி ஸ்டேஷன். வண்டி வரும், ஏற மாட்டா. அவ்ளோதான் சார்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த ஸ்டேஷன் நிஜமாவே இருக்கு. பாத்து வரைஞ்சதுதான்” என்றான்.

தொகுஜி கடை மேசையைப் பிடித்துக்கொண்டார். “எங்க?”

வீட்டுக்கு வந்து எட்டாம் பாகத்தைப் பதினொரு தடவை பார்த்தார். பெஞ்சில் நாகி உட்கார்ந்திருக்கிறாள். கீழே கடல். அவள் முதுகுதான் தெரிகிறது. மிசுஹோவின் முதுகும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். பிறகு, மகளின் முதுகு எப்படி இருக்கும் என்று தனக்கு உண்மையிலேயே தெரியுமா என்ற சந்தேகம் வந்தது.

மார்ச்சில் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நீகாதா பக்கம் இருந்த அந்த ஸ்டேஷனுக்குப் போனார். படத்தில் இருந்த அதே பெஞ்ச், அதே துருப்பிடித்த கூரைக்கால். பனியும் மழையும் சேர்ந்து அடித்தது. காலையிலிருந்து கடைசி வண்டிவரை உட்கார்ந்திருந்தார். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் போட்டோவைக் காட்டினார். எதிரே நூடுல்ஸ் கடை வைத்திருந்த அம்மாள் இரண்டாம் நாள் அவரைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தாள்.

“நீங்களும் அந்தப் படத்தைப் பாத்துட்டு வந்தவர்தானே? இந்த வயசுல ஒருத்தர் வர்றது இதுதான் மொதல் தடவை. எல்லாரும் வந்து பெஞ்சுல குந்தி போட்டோ புடிச்சிட்டுப் போயிடுவாங்க. நீங்க என்னடான்னா ரெண்டு நாளா நனையிறீங்க.”

“நான் ரசிகன் இல்லீங்க. என் பொண்ணு...” என்று போட்டோவை நீட்டினார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “இல்லியே” என்றாள். பிறகு அவர் கேட்காமலே கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சூடான சாறு ஊற்றினாள்.

மூன்றாம் நாள் மதிய வண்டியில் ஒரு பெண் இறங்கினாள். கட்டையாக வெட்டிய முடி, சாம்பல் நிறக் கோட்டு. பெஞ்சை நோக்கி நடந்தாள். தொகுஜி கடையிலிருந்து ஓடினார். “மிசுஹோ! மிசுஹோ!” நடைமேடையில் வழுக்கி விழுந்து எழுந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். வேறு யாரோ. பயத்தில் கத்திவிட்டாள். கையிலிருந்த கேமரா கீழே விழுந்து உருண்டது. அவர் அந்த ஈரத் தரையிலேயே மண்டி போட்டு, நெற்றி தரையில் பட, “மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நூடுல்ஸ் கடை அம்மாள் வந்து தூக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் வேலையை விடப்போவதாகச் சொன்னார். தொடரில் வரும் இடங்களில் இன்னும் நாலு நிஜமாக இருப்பதாக நிஷிதே ஒரு பட்டியல் கொடுத்திருந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு மாதம் இருக்கப் போகிறாராம். ராஜினாமாக் கடிதம் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு மறுபடி எட்டாம் பாகத்தைப் போட்டார்.

கினுயே அந்தக் கடிதத்தைப் படித்தாள். வந்து டிவிக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, அதை நிறுத்துங்க. அவ வடக்கே ஹக்கொதாதேல இருக்கா.”

அவருக்குப் புரியவில்லை.

“கணவாய் மீன் ஆலையில வேலை. தங்குறதுக்கு ரூம் குடுத்திருக்காங்க. செவ்வாக்கெழம சாயங்காலம் போன் பண்ணுவா, நீங்க வண்டியில இருக்குறப்ப.”

“எப்போலேருந்து?”

“டிசம்பர்லேருந்து.”

“நாலு மாசமா... நான் இங்க உக்காந்து...” அவர் டேப்பை நிறுத்தினார். “ஏன் சொல்லல?”

“அப்பாகிட்ட சொன்னா இனிமே கூப்பிட மாட்டேன்னா.” கினுயே தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அது மட்டும் இல்ல. தினமும் சொல்லிடலாம்னுதான் வீட்டுக்கு வருவேன். வந்து பாத்தா, நீங்க அவளைப் பத்தி யோசிச்சிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. இருபது வருஷத்துல நான் அதைப் பாத்ததே இல்ல. சொல்லிட்டா நிறுத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு.”

தொகுஜி எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு சாயங்கால நடைக்குப் போனார். ஒரு நிறுத்தமும் விடாமல், ஒரு நிமிஷமும் பிந்தாமல் ஓட்டினார். திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: “எதுக்குப் போனாளாம்?”

“நீங்க சொன்னதுக்கு. ஆகஸ்ட்ல முன்னோருக்குப் படைச்ச அன்னிக்கு, உங்க அண்ணன் குடும்பம் மொத்தமும் இருக்குறப்ப. ‘எங்க வீட்ல ஒரு ஆள் அதிகம்’னு சொல்லிச் சிரிச்சீங்க. அவ அப்போ தர்பூசணித் தட்டை எடுத்துக்கிட்டு வந்தா.”

அவர் யோசித்தார். அண்ணன் வந்தது ஞாபகம் இருந்தது. பீர் ஞாபகம் இருந்தது. அந்த வார்த்தை ஞாபகம் இல்லை. எவ்வளவு துழாவியும் வரவில்லை. பதின்மூன்று பாகங்களில் எந்தக் கடிகாரம் எத்தனை மணி காட்டியது என்று ஒப்பிக்கக்கூடியவருக்குத் தன் வாயிலிருந்து வந்த ஐந்து சொற்கள் ஞாபகம் இல்லை. மகள் போன நாளைவிட அன்றைக்குத்தான் அவர் அதிகம் உடைந்தார். அடுப்படியில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கினுயே பின்னால் வந்து நின்றாள், தொடவில்லை.

அடுத்த செவ்வாய் அவர் இன்னொருவரோடு நடையை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். ஆறு மணிக்கு மேல் மணி அடித்தது. கினுயே எடுத்து நாலு வார்த்தை பேசிவிட்டு, “அப்பா பக்கத்துல இருக்காரும்மா” என்றாள். தொகுஜி வாங்கிக் காதில் வைத்தார். மூச்சு கேட்டது.

“மிசுஹோ. நான் எல்லாத்தையும் பாத்தேம்மா. அந்தக் கதவுக் கதையை. எட்டாவதையும் பாத்துட்டேன்.”

நாலு மாதமாகச் சேர்த்து வைத்த அத்தனை வார்த்தைகளில் அதுதான் முதலில் வந்தது. மன்னிப்பு கேட்க அவர் வாயைத் திறக்கும்போது அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த செவ்வாய் மணி அடிக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவதும் இல்லை. கினுயே கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவரிடம் கத்தினாள். “ஒரு நூலு மாதிரி புடிச்சி வெச்சிருந்தேன். அதையும் அறுத்துட்டீங்க!” என்று மேசையில் அடித்தாள். மறுநாள் தொகுஜி பணிமனைக்குப் போய், இனி செவ்வாய்க்கிழமை சாயங்கால நடையைத் தனக்கே நிரந்தரமாகக் கொடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். மகள் கூப்பிட வேண்டுமானால் தான் வீட்டில் இருக்கக் கூடாது.

மே மாதம் இரண்டாம் செவ்வாய் வீட்டுக்குள் நுழைந்ததுமே, போன் வந்திருக்கிறது என்று கினுயேயின் முகத்தில் தெரிந்துவிட்டது.

“சளி புடிச்சிருக்காம். கொரலு கட்டிப்போயிருக்கு” என்றாள்.

“மாத்திரை போட்டாளாமா?”

“போட்டாளாம்.” கினுயே கொஞ்சம் தயங்கினாள். “டேப்பை அனுப்பட்டுமான்னு கேட்டேன். ‘இன்னுமா அதை வெச்சிருக்கீங்க, தூக்கிப் போடுங்க’ன்னுட்டா.”

தொகுஜி தலையாட்டினார். டேப்புகளைத் தூக்கிப் போடவில்லை, பார்க்கவும் இல்லை.

“என்னைப் பத்தி ஏதாவது...”

“இல்லைங்க.”

இப்போதும் அவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்டி ஓட்டுகிறார். ஆறு இருபதுக்கு மருத்துவமனை வாசல் கடைசி நிறுத்தத்தில் வண்டி நாலு நிமிஷம் நிற்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, இந்நேரம் வீட்டில் மணி அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். நாலு நிமிஷம் முடிந்ததுகூடச் சில வாரங்களில் அவருக்குத் தெரிவதில்லை.

“டிரைவர் ஐயா, வண்டி கெளம்பலையா?” என்று பின்னாலிருந்து யாராவது கேட்க வேண்டியிருக்கிறது.