சீட்டில் மஞ்சள்

உத்திரமேரூர் உதிரிபாகக் கடையில் கார் பாலிஷ் வாங்கப் போய் லேபிளை நான் படித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். பருத்த கழுத்து, சட்டையில் காய்ந்த ரத்தம். ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து முகர்ந்தார்.

“சீட்ல ரத்தம் போவணும். எது சார் நல்லா கீது?”

வரப்புச் சண்டையில் அவர் தம்பியை வெட்டிவிட்டார்களாம். காயத்தில் மஞ்சள்தூளை அப்பி, காரில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

“போலீஸ் பார்த்தாச்சா?” நடைமுறை முக்கியமல்லவா.

“போட்டோலாம் எடுத்துக்கினாங்க. நாளைக்கு அம்மா இதுலதான் வரணும். பாத்தா தாங்காது சார்.”

வெந்நீர் கூடாது என்று விளக்கி, சீட் கழுவும் நுரை டப்பா ஒன்றைத் தேர்ந்து கொடுத்தேன். வாசலிலேயே காரில் அடித்துத் தேய்த்தார். ரத்தம் கரைந்தது. ஆனால் சோப்பு பட்ட மஞ்சள், இப்போதுதான் வெட்டியதுபோலச் சிவந்து பரவியது.

என் சட்டையைப் பிடித்து என்னைக் கார் கதவில் மோதவைத்தார். “இன்னாய்யா குடுத்த? இன்னா குடுத்த நீ?”

சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ரத்தத்துக்கு வழி சொன்ன மும்முரத்தில் மறந்துவிட்டேன். எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு போகும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் என்னை விட்டுவிட்டு, தோள்துண்டை அந்தச் சிவப்பின்மேல் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்தினார். துடைக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தார்.