எண்ணூறு நூலுக்கு ஒரு பிளேட்

எங்கள் ஊர்ப்பக்க வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. மகள் கல்யாணம் முடித்தால் வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, பெற்றவர்கள் சட்டி முட்டிகளோடு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். என் அம்மா எனக்குச் செய்ததை நான் என் மகளுக்குச் செய்கிறேன், அதில் வருத்தமில்லை. கல்லடி வீடு அவளுக்கு என்று முடிவாகி, எங்களுக்குத் தன்னாமுனையில் இரண்டு அறையில் ஒரு வீடு எழும்பியது. என் கவலையெல்லாம் புத்தகங்களைப் பற்றித்தான்.

தமிழ் படிப்பித்தே ஓய்வு பெற்றவளின் வீட்டில் வேறென்ன இருக்கும்? கட்டிலுக்குக் கீழே, தையல் மெசினுக்கு மேலே, அரிசி வாளிக்குப் பக்கத்தில் என்று எங்கும் புத்தகம். என் கணவர் ஒருநாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

"இதெல்லாம் புது வீட்டுக்கு வராது. பேப்பர்காரனுக்குக் குடுத்தா கச்சான் கடலை சுத்தவாவது உதவும்."

அன்று மத்தியானம் அவருக்குக் கறியில் உப்பு இருந்ததா இல்லையா என்பதை நான் சொல்லப் போவதில்லை. மகளும் தகப்பன் பக்கம் நின்றாள். புத்தகத்தால் தூசியாம். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: "கல்யாணத்துக்கு முதல் நீயே புத்தகம் அடுக்க ஒரு இறாக்கை செய்து காட்டு. அம்புட்டையும் நானே தூக்கிக்கொண்டு வாறன்." என்னால் முடியாது என்ற நம்பிக்கையில் சொன்ன வார்த்தை அது. முடியாவிட்டால் என் புத்தகங்கள் கச்சான் கடைக்குத்தான்.

என் தம்பி கனடாவுக்குப் போகும்போது மரம் அறுக்கும் மேசைவாள் மெசின் ஒன்றை எங்கள் பின்விறாந்தையில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை வைத்து நான் மணை, முக்காலி, கோழிக்கூடு எல்லாம் செய்து பழகியிருந்தேன். ஆனால் இறாக்கை வேறு. நான் வாங்கி வைத்திருந்தது பைன் பலகை. மெத்தென்ற மரம், ஓரத்தில் ஆணி அடித்தால் பிளந்துவிடும். நிற்கும் பலகையில் பள்ளமாகக் காடி வெட்டி, தட்டை அதற்குள் செருக வேண்டும். சாதாரண பிளேட் ஒரு கீறல் அகலத்துக்குத்தான் வெட்டும், ஒரு காடிக்கே திரும்பத் திரும்பத் தள்ளி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. டாடோ செற் என்று ஒன்று இருக்கிறது. வெளியே இரண்டு பிளேட், நடுவில் வேண்டிய அளவுக்கு வெட்டுத் தகடுகள். எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டினால் ஒரே தள்ளலில் காடி விழும்.

பலகையில் ஒரு துண்டை வெட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு காத்தான்குடியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், முதலில் எடுத்து வைத்தது தனிப் பிளேட் ஒன்று.

"இதச் சாய்ச்சுப் பூட்டினாச் சரி டீச்சர். ஆடி ஆடி அகலமா வெட்டும். செற் தேவல்ல."

"ஆடி ஆடி வாற ஆக்கள நம்பி நான் வேலை குடுக்கிறல்ல நானா. காடிக்கு அடி மட்டமா வராது. செற்றக் காட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு பெட்டிகளை இறக்கினார். பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "எத்தின நூல்?" என்று கேட்டார்.

"ஒரு எண்ணூறு இரிக்கும்."

பென்சில் அப்படியே நின்றது. "எண்ணூறா?"

"கூடத்தான். வீட்டுக்காரரும் அதத்தான் சொல்றார். ஆனா ஒண்டையும் விடமாட்டன்."

அவர் பெட்டியின் மேல் கணக்குப் போட்டார். "எட்டு நூல் ஒரு இஞ்சி. அப்ப நூறு இஞ்சி. எட்டடிக்கு மேல அகலம். டீச்சர், அது காடியில்ல, வாய்க்கால். வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டைக்குத் தண்ணி பாய்ச்சப் போறீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தச்சு வேலையில் இஞ்சியில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். தெரியாத விஷயமல்ல, கோழிக்கூட்டை நூல் கணக்கில்தான் அளந்து செய்தேன். ஆனால் பஸ்ஸில் வரும் வழி முழுக்க என் மண்டைக்குள் ஓடியது மற்ற நூல்தான். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

"ஆறு நூல் பலகை நானா," என்றேன், எஞ்சியிருந்த மரியாதையோடு. கைப்பைத் துண்டை எடுத்து அளந்தால் ஆறும் இல்லை, ஐந்தரைக்குச் சற்று மேலே. சீவிய பலகை பெயரில்தான் ஆறு நூல். ஆறுக்கு வெட்டினால் தட்டு கிடந்து ஆடும். ஆகவே தாள் போன்ற மெல்லிய வாசர்கள் உள்ள செற்தான் சரிவரும், அவற்றைக் கூட்டிக் குறைத்து அகலத்தைப் பிடிக்கலாம். எட்டு இஞ்சி செற்றைத் தள்ளி வைத்தேன், தம்பியின் மெசினுக்கு அது பாரம். ஆறு இஞ்சியில் இரண்டு வகை இருந்தன. வெளிப் பிளேட்டில் பல் குறைந்தது பைனின் ஓரத்தைத் தும்பு தும்பாகப் பிய்த்துவிடும். பல் கூடியதை எடுத்தேன். மெசினின் அச்சு நீளத்தை வீட்டிலேயே அளந்து வந்திருந்ததால், அடுக்கு முழுவதும் ஏறி நட்டுக்கும் இடம் மிஞ்சும் என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கழிவுத் துண்டுகளில் வெட்டிப் பார்த்து, ஒவ்வொரு வாசராகக் கூட்டி அகலத்தைப் பிடித்தேன். தட்டு உள்ளங்கையால் தட்டியதும் இறங்கியது, இழுத்தால் வரவில்லை. இறாக்கை வீட்டு மண்டபத்தில் எழுந்து நின்றபோது கணவர் வந்து இரண்டு கையாலும் பிடித்து உலுப்பினார்.

"ஆடல்ல," என்றார், யாரோ செத்ததுபோன்ற குரலில். பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றி, சாமான் ஏற்ற வான் வண்டி ஒன்று பிடிக்கப் போனார்.

மகள் அறையிலிருந்து வந்து இறாக்கையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது இஞ்சயே நிக்கட்டும்மா."

"என்ன கதை இது?"

"வீட்டத் தாறீங்க. வீட்டில நிக்கிறதையும் தந்துதானே போகோணும்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "அப்ப என்ட புத்தகத்த நான் எங்க கொண்டு போய் வைக்கிற?"

"அதுகளும் இஞ்ச நிக்கட்டும்." அவள் என்னைப் பார்க்கவில்லை. விரலால் ஒரு தட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். "இல்லாட்டி நீங்க என்னத்துக்கு வரப்போறீங்க? கேட்டா, மருமகன்ட வீட்டுக்கு அடிக்கடி போக ஏலாதெண்டு சொல்லுவீங்க."

அந்தக் கோபத்தோடேயே அவளைக் கட்டிப் பிடித்து அழுதேன். அவளும் அழுதாள். வான்காரனோடு வந்த என் கணவருக்கு எதுவும் விளங்கவில்லை, வானைத் திருப்பி அனுப்பியது மட்டும் விளங்கியது.

இப்போது அவள் கல்லடியில், நான் தன்னாமுனையில். பஸ் ஏறிப் போகிறேன், ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு வருகிறேன். மருமகன் நல்ல பிள்ளை. "அஞ்சாறு எடுத்துக்கொண்டு போங்களன் மாமி, ஏன் வீணா அலையிறீங்க," என்பார். ஒன்று போதும் என்று சொல்லிவிடுவேன்.