ரோஜாப் பதியனும் கருப்பு நாயும்

பங்குனி விடுமுறையில் குற்றாலத்துத் தோட்ட வீட்டில் எனக்கு இரண்டே வேலைகள்: ரோஜாவுக்குப் பதியன் போடுவது, பிறகு கொய்யா நிழலில், நாய்கள் இருபுறமும் படுத்திருக்க, புத்தகம் படிப்பது. அருவி வற்றிய மாதமாதலால் விருந்தினர் வருவதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று காலை ரோஜாக் கிளைகளை வளைத்து மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தேன். முட்கள் கீறி வலக்கையெங்கும் இரத்தக் கோடுகள். நான் புதைத்ததைச் செவலை நாய் தோண்டியது. கருப்பு நாய் என் கையை நிதானமாக நக்கியது.

“நீங்க நடுததும் அது தோண்டுததுமா இருக்கு. காலேஜ்ல இதைத்தான் சொல்லிக்குடுக்காகளா, சின்னம்மா?” என்று சிரித்தார் தோட்டக்காரர். கருப்பைத் தடவக் குனிந்தவர் சிரிப்பை நிறுத்தினார். அதன் காதடியில், பற்கள் பதிந்து ஆறத் தொடங்கிய புண்.

“நரி கடிச்சிருக்கு. போன மாசம் வேலிப்பக்கம் ஒண்ணு வெறிபிடிச்சுத் திரிஞ்சுதுல்லா?”

அப்பா வந்தார். “ஏட்டி, உன் மேல பல்லு, நாக்கு ஏதும் பட்டுச்சா?”

பட்டதென்றால் கருப்பை அக்கணமே கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சினேன். கையை முந்தானைக்குள் மறைத்தேன். “இல்லப்பா.”

“அப்ப யோசிக்க ஒண்ணுமில்ல” என்று அவர் உள்ளே போனார். மதியச் சாப்பாட்டுக்கு இலை போடுமுன் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

அதன்பின் ஒவ்வொரு மிடறு நீரையும் அது தொண்டைக்குள் இறங்கும்வரை கவனித்தேன். இறங்கியது, ஆயினும் அடுத்த மிடறுக்கு அஞ்சினேன். நான்காம் நாள் அம்மாவிடம் கையை நீட்டி உண்மையைச் சொன்னேன். அவள் உடனே வண்டி பூட்டச் சொன்னாள்.

தென்காசியில் டாக்டர் கீறல்களைப் பார்த்துவிட்டு, “நாய் எங்க? பத்து நாள் கட்டிவச்சுப் பாப்போம். நல்லா இருந்துதுன்னா பயமில்ல” என்றார்.

“சுட்டாச்சு” என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். “நாக்கு பட்டுச்சுன்னு தெரிஞ்சிருந்தா நானே கட்டிப்போட்டிருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

வயிற்றில் நாள்தோறும் ஊசி போட்டார்கள். பலிக்குமா என்று கேட்டேன். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கருப்புக்கு நோய் இருந்ததா என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது.

கடைசி ஊசி முடிந்து தோட்டத்துக்கு வந்தேன். பதியன்கள் வாடிக்கிடந்தன. செவலை வாலாட்டி ஓடிவந்து என் கையை நக்க முகம் நீட்டியது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.