அரைப் பழிப்பு

அம்மாவைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்டும் மேசைக்கு மாற்றிய வாரத்தில்தான் எனக்குப் பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புப் பிரிவில் பயிற்சிப் போஸ்டிங் கிடைத்தது. தொண்ணூறுகளின் கடைசி. அம்மா பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைப்பவள். சட்டைத் தொழிலில் காலர் ஒரு கௌரவம். நேர்த்தியான கைக்குத்தான் கொடுப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தைத்துக்கொண்டே அவள் கண்ணயர்ந்துவிட்டாள். ஊசி நகத்தில் இறங்கிவிட்டது. மூன்றாம் முறை. சூபர்வைசர் அவள் கையில் கத்தரியைக் கொடுத்து ஹெல்பர் பெண்களோடு நிற்க வைத்துவிட்டார். நின்றுகொண்டே தூங்க முடியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"நின்னுக்கிட்டும் தூங்குறேன்டி" என்றாள் அம்மா, ரகசியம்போல. "கம்பெனி வண்டியில ஏறுனா இறங்குற வரைக்கும் தூக்கம்தான். ராத்திரியும் அடிச்சுப் போட்ட மாதிரிதான் தூங்குறேன். எந்திரிச்சா நேத்தைவிட அசதியா இருக்கு. இனிமே மெஷின் எனக்குக் கிடைக்காதா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் யார்மீது என்று தெரியவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா, "என்னக்கா, உங்க வீட்டுக்குள்ள லாரி வந்துச்சா? விடிய விடிய ரிவர்ஸ் எடுத்துக்கிட்டே இருந்தானே!" என்பாள். அம்மா வாயால் பதில் சொல்லமாட்டாள். கீழ்த்தாடையை முன்னே தள்ளி, தலையை ஆட்டி, ஒரு பழிப்புக் காட்டுவாள். எங்கள் தெருவில் அதற்கு எதிர்ப்பழிப்பு கிடையாது. ஆனால் உறவுக் கல்யாணங்களில் பெண்கள் வரிசையாகப் படுத்திருக்கும்போது, அவள் மட்டும் சுவரில் சாய்ந்து பூ கட்டிக்கொண்டிருப்பாள். பொம்பளை குறட்டை விடலாமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே.

ஒரு ஞாயிறு மதியம் தூங்கும் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். குறட்டை சட்டென்று நின்றது. அப்பாடா என்று புத்தகத்தைப் புரட்டியவள், எதுவோ உறுத்தத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் மார்பு ஏறி இறங்குகிறது, மூக்கில் காற்று இல்லை. விரல் விட்டு எண்ணினேன். பத்து விரலும் தீர்ந்து, மறுபடி முதல் விரலுக்கு வந்தபோதுதான் கிணற்றிலிருந்து மேலே வந்தவள்போல ஒரு பெருமூச்சு எடுத்தாள். உடனே மீண்டும் குறட்டை. இது தூக்கமே இல்லை, தூங்கும் நேரமெல்லாம் நடக்கும் மல்லுக்கட்டு.

அப்போதுதான் அவள் தாடையைப் பார்த்தேன். சிறியது, உள்வாங்கியது. அந்த மாதிரி தாடை உள்ள பிள்ளைகளுக்கு எங்கள் பிரிவில் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பிளேட் செய்வோம். நாக்கின் வேர் தாடையில் இருக்கிறது. தாடை முன்னே வந்தால் நாக்கும் வரும், தொண்டை திறக்கும்! உலகத்தில் எனக்கு மட்டுமே தோன்றிய யோசனை என்று நம்பி, திங்கட்கிழமை பேராசிரியர் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அவர்முன் போய் நின்றேன்.

"அது ஏற்கெனவே இருக்கும்மா. நானே ரெண்டு மூணு பேருக்குப் பண்ணியிருக்கேன்" என்று என் கண்டுபிடிப்பை ஒரு வரியில் முடித்துவைத்தார். "மொதல்ல தூக்கத்தை டெஸ்ட் பண்ணு. அது இல்லாம பிளேட்டைத் தொடாதே."

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு அம்மாவின் தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். மூச்சு அடிக்கடி நிற்பது உண்மைதான், ஆனால் முற்றிய நிலை இல்லை என்றார் டாக்டர். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷினைப் பற்றியும் சொன்னார்.

"கரண்ட் போனா மூச்சும் போயிடுமா சார்?" என்று அம்மா கேட்டாள்.

டாக்டர் சிரித்துவிட்டு, இந்த நிலைக்குப் பிளேட்டை முயன்று பார்க்கலாம், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார்.

கல்லூரியில் அம்மாவின் பல் அச்சு எடுப்பதில் சிக்கல் இல்லை. பிளேட் தாடையை எங்கே நிறுத்த வேண்டும் என்று குறிக்க, தாடையை முன்னே தள்ளியபடி மெழுகைக் கடிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. "தாடையை முன்னால கொண்டு வாம்மா" என்றால் கழுத்தை நீட்டினாள். "கழுத்து இல்ல, தாடை" என்றால் நாக்கை நீட்டினாள். மெழுகு இறுகிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை எப்போதுமே குறைவு.

"ம்மா, உங்க சூபர்வைசருக்குப் பழிப்புக் காட்டு!"

காட்டினாள் பாருங்கள். தாடை முழுசாக வெளியே வந்து நின்றது. அப்படியே கடிக்க வைத்து, இரண்டே நாளில் பிளேட்டை முடித்துப் பளபளவென்று தேய்த்தும் கொடுத்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு படுத்த முதல் ராத்திரியே குறட்டை போயே போய்விட்டது. நான் மிதந்தேன். மூன்றாம் நாள் காலையில் அம்மா இட்லியை வாயில் வைத்துக்கொண்டு விழித்தாள். "மெல்லவே முடியலடி. பல்லு பல்லோட சேரல. காதுகிட்ட விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. எனக்கு இது வேணாம். நான் நூலே வெட்டிக்கிறேன்."

அந்தக் கடைசிச் சொல்லில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பேராசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் மேல இவங்களுக்கு இவ்வளவு கோபம்?"

நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "எவ்வளவு முன்னால வருமோ அவ்வளவும் தள்ளினா மூட்டு தாங்காது. பாதிக்குக் கொஞ்சம் மேல ஆரம்பி. வேணும்னா அப்புறம் மெதுவா நகர்த்து. உன் அவசரத்துக்கு அவங்க தாடையா?"

முகம் சுட்டது. அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி, இன்னொரு முறை கல்லூரிக்கு வரக் கெஞ்சினேன். வலி போகட்டும் என்று ஒரு வாரம் கழித்து வந்தாள். மெழுகைச் சூடு பண்ணினேன். முழுப் பழிப்பு கூடாது. அரைப் பழிப்பை எப்படி வாங்குவது?

"சூபர்வைசரை விடும்மா. இப்ப எனக்குப் பழிப்புக் காட்டு."

"உனக்கா? எதுக்குடி?"

"நான் பண்ணுன பிளேட்டுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பினூடே தாடை கொஞ்சமே கொஞ்சம் முன்னே வந்தது. பெற்ற மகளிடம் அதற்கு மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. "அங்கேயே நில்லு!" என்று கடிக்க வைத்தேன். பேராசிரியர் அளந்து பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார்.

இந்த முறை காலையில் சிறிது நேரம் தாடை இறுக்கமாக இருந்தது, பிறகு சரியானது. சில வாரம் கழித்து பிளேட்டோடு எடுத்த டெஸ்டில் மூச்சு நிற்பது வெகுவாகக் குறைந்திருந்தது. டாக்டர் தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். எனக்கு அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும்போல இருந்தது. அம்மா அதை நாலாக மடித்து பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் சூபர்வைசரிடம் நீட்டி மெஷினைக் கேட்டாள்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மணியிலிருந்து டீ மணி வரைக்கும் உட்காரு, பார்க்கிறேன் என்றாராம். பின்னாலேயே நின்றாராம். டீ மணி அடித்ததும் காலர்களை ஒவ்வொன்றாக எடுத்து, முனைகளைத் திருப்பிப் பார்த்து, "நாளெயிந்த இல்லே கூத்கோ" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனாராம். நாளையிலிருந்து இங்கேயே உட்கார்.

இதையெல்லாம் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் ஏற்கெனவே வேறு பேச்சுக்குத் தாவியிருந்தாள்.

"யஷ்வந்த்பூர்கிட்ட ஒரு கட்டடம், மூணு மாடி எழுப்பியிருக்காங்கடி. கம்பெனி வண்டியிலேர்ந்து பார்த்தேன். எப்போ ஆரம்பிச்சாங்க?"

"ஒரு வருஷம் ஆகுதும்மா."

"அப்படியா?" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே உள்ளே போனாள்.