ஒலிநாடாவில் இருந்த இன்னொரு குரல்

பாட்டைப் பதிவு செய்வது சுலபம். பாட்டு அல்லாதது பதிவாகாமல் பார்த்துக்கொள்வதுதான் தொழில். வீட்டு அறையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்து, பக்கத்து வீட்டுச் சேவலிடம் தோற்றுப்போன அன்பர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் என்னை நம்பித்தான் ஆகவேண்டும். இதில் ஒரு பகுதியை எனக்கே நம்ப முடியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நேரில் பார்க்காத அந்தப் பகுதியை எனக்குச் சொன்னவன் என் கூட்டாளி அந்தோணி. அவன் சொன்னதைப் பல ஆண்டுகளாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். சந்தேகப்பட எனக்குத் தகுதி உண்டா என்பது தனிக் கேள்வி.

எழுபதுகளின் கடைசி. அந்தோணி சுங்கைப் பட்டாணியில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தான். ஞாயிறு காலையில் மாதா கோயிலில் கிதார் வாசிப்பான். நான் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. ஒரு பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர், ஒரு மைக், அந்தோணியின் வாடகை வீட்டில் ஒரு பின்னறை. இவை மூன்றும் சேர்ந்தால் ஸ்டூடியோ என்று நினைத்தோம்.

கித்தா வாசம்

வெறும் அறையில் கை தட்டினால் நாலு பேர் தட்டினது போலக் கேட்டது. மெத்தென்ற பொருள்கள் சத்தத்தை விழுங்கிவிடும் என்று அந்தோணி எங்கோ படித்திருந்தான். என் கைக்கு எட்டிய மெத்தென்ற பொருள், எங்கள் ஸ்டோரில் கழித்துப்போட்ட கித்தா ஷீட், அதாவது ரப்பர் ஷீட்தான். நாலு சுவரிலும் வேட்டி காயப்போடுவது போலத் தொங்கவிட்டோம். எதிரொலி உண்மையிலேயே குறைந்தது. நாங்கள் மாறி மாறிக் கை தட்டி, காதைச் சாய்த்து, மறுபடியும் தட்டி அரை நாளைக் கழித்தோம். தட்டிய சத்தம் எங்கேதான் போகிறது என்பது அன்று எங்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

தகரக் கூரைச் சூட்டில் மூன்றாம் நாள் ஷீட்டுகளுக்கு வேர்த்தது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ரப்பர் ஸ்டோரின் புகையும் புளித்த பாலும் கலந்த நெடி அறையை நிறைத்தது. சோதனைக்காக அந்தோணி அழைத்து வந்த கோயில் பாடகர் குழு இரண்டு அடிதான் தாக்குப் பிடித்தது. குழுத் தலைவி பிலோமினா அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"சாமி பாட்டுப் பாடக் கூப்பிட்டியா, இல்ல கித்தா மாதிரி எங்களையும் புகை போட்டுக் காய வைக்கப் போறியா அந்தோணி?"

யாரும் இல்லாத அறை

ஷீட்டுகளுக்குப் பதிலாகப் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளும் சாக்குகளும் வந்தன. அறை எவ்வளவு அமைதி என்று பார்க்க, மைக்கை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக் கால் மணி நேரம் பதிவு செய்தோம். போட்டுக் கேட்டால் அந்த அறைக்குள் ஒரு ஊரே இருந்தது. கூரையில் ஏதோ நடந்தது. தூரத்தில் லாரி கியர் மாற்றியது. எல்லாவற்றுக்கும் மேலே, டொக் டொக்கென்று ஒரு சீரான இடி. நாங்கள் மாக் சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அம்மா கல்லில் மிளகாய்ச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தார்.

பதிவு நேரத்தில் மட்டும் இடிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்கப் போனோம். அவர் முதலில் அதைக் கேட்க வேண்டும் என்றார். அழைத்து வந்து போட்டுக் காட்டினோம். தன் இடியைத் தானே தலையாட்டிக் கேட்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு எழுந்துபோகும்போது மலாயில் கேட்டார்.

"சம்பல் இல்லாத சோற்றை உங்கள் பாட்டைத் தொட்டுக்கொண்டா தின்பது?"

நெத்திலிக்காரர்

முதல் வாடிக்கையாளர் பாட வரவில்லை. கடற்கரையிலுள்ள தஞ்சோங் டாவாயிலிருந்து நெத்திலி எடுத்துத் தோட்டம் தோட்டமாக வேனில் விற்கும் முனியாண்டி அண்ணன், ஒலிபெருக்கியில் போட ஒரு விளம்பரம் வேண்டும் என்று வந்தார். மைக்கின் முன் நின்று தோட்டத்து லயத்தின் வீட்டு வரிசையில் கடைசி வீட்டைக் கூப்பிடும் குரலில் ஆரம்பித்தார். ரெக்கார்டரில் சத்த அளவு காட்டும் முள் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. பின்னால் தள்ளி நிறுத்தினோம். சுவரைப் பார்க்க நிறுத்தினோம். கடைசியில் அவர் அடுப்படியில் நின்று கத்த, மைக் அறைக்குள் இருந்தபடி கேட்டுக்கொண்டது. காதுக்குள் பேசினால் போதும், சத்தத்தை மெஷின் கூட்டிக்கொள்ளும் என்று அந்தோணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"மெதுவா சொன்னா நெத்திலி விக்காதுலா தம்பி. மெஷினைக் கொஞ்சம் தாங்கிக்கச் சொல்லு."

தவமணி

பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை செய்தவள் தவமணி. இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் வீட்டு ரேடியோவைப் பழுது பார்த்தபோது அந்தோணி அவள் பாடிக் கேட்டிருக்கிறான். வானொலியில் புதுப் பாடகர் தேர்வுக்கு ஒலிநாடா அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தேர்வானால் கோலாலம்பூரில் அத்தை வீட்டில் தங்கிப் பாடலாம். இல்லையென்றால் ஜொகூரில் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சரி சொல்ல வேண்டும். அவள் அப்பா வைத்த நிபந்தனை அது. அவளுக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான். அந்த வாரமே நாடாவை அனுப்பினால்தான் கெடுவுக்குள் போய்ச் சேரும்.

மத்தியானம் பதிவு. மோட்டார் சைக்கிள்களைக் கை காட்டி மெதுவாகப் போகச் சொல்ல நான் ரோட்டில் நின்றேன். உள்ளே மெத்தைக்கு இந்தப் பக்கம் காதில் ஹெட்ஃபோனோடு அந்தோணி. அந்தப் பக்கம் அவள். அந்தப் பாட்டை அவனே எழுதி மெட்டும் போட்டிருந்தான். மூன்றாவது முறை சரியாக வந்துவிட்டது என்று அவன் கதவைத் திறந்தான். மறுநாள் ஒருமுறை போட்டுக் கேட்டு, நானே தபாலில் சேர்த்தேன். பதிவு முடிந்த ஞாயிறன்று பஸ் ஏறுமுன் தவமணி சொன்னாள்.

"பதில் நல்லபடியா வந்தா என் பால்வெட்டுக் கத்தியை உங்க ஸ்டோர்லயே கொடுத்துடுறேன் அண்ணே, வேற யாருக்காவது ஆகும்."

கடிதம்

பதில் வந்தது. தனிக்குரல்தான் கேட்டிருந்தார்கள், கூடவே ஓர் ஆண் குரலும் பாடுவதால் ஏற்க முடியவில்லை, அடுத்த தேர்வுக்கு மறுபடி அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த தேர்வுவரை அவள் அப்பா காத்திருக்க மாட்டார். கடிதத்தோடு வந்தவளை உட்காரவைத்து, கூடவே திரும்பி வந்திருந்த நாடாவைப் போட்டோம். இரண்டாவது சரணத்தில், அவள் குரலுக்கு அடியில், ஓர் ஆண் முனகல்.

அந்தோணி உடனே காரணம் சொன்னான். பழைய நாடா; முன்பு அதில் கோயில் குழு பாடியது சரியாக அழியவில்லை, மெஷின் கோளாறு. தவமணி தலையாட்டினாள். நான் அவளை பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விட்டேன். அந்த முனகல் அவள் மெட்டிலேயே போனது. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அதுவும் நின்றது. அழியாமல் மிஞ்சிய பழைய பாட்டுக்கு அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்று எப்படித் தெரியும்? நான் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பஸ் வந்தபோது அவளாகவே சொன்னாள்.

"பாடும்போதே எனக்குக் கேட்டுச்சு அண்ணே. துணைக்கு ஒரு ஆள் இருக்காங்கன்னு தைரியமாப் பாடினேன், அது டேப்ல விழும்னு தெரியல."

நானும்தான்

தவமணி ஜொகூருக்குக் கல்யாணமாகிப் போனாள். ஸ்டூடியோ இன்னும் ஆறு மாதம் நடந்து நின்றது. ஹெட்ஃபோன் மாட்டியவன் தான் முனகுவதைத் தானே அறிய மாட்டான் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்டபடி முனகிய என்னையே என் மகள் ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தாள். ஆகவே அந்த மத்தியானத்துக்காக நான் அந்தோணியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுக்கே தெரியாமல் நடந்திருக்கலாம்.

ஆனால் திங்கட்கிழமை நான் போட்டுக் கேட்டேன் என்றேன் அல்லவா? அந்த முனகல் எனக்குக் கேட்டது. அழகாக இருந்தது. அந்தோணிதான் என்றும் தெரிந்தது. சொன்னால் அவன் முகம் வாடும், மறுபதிவுக்கு அடுத்த ஞாயிறு ஆகும், கெடு போய்விடும். இப்படி எனக்குள் மூன்று காரணம் அடுக்கி உறையை ஒட்டினேன். அதன் பிறகு அவன் சொன்ன மெஷின் கோளாறு எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

போன வருடம், எங்கள் இருவருக்கும் ஐம்பது தாண்டிய பிறகு, அவன் வீட்டில் தேநீர் குடிக்கும்போது அதையும் சொல்லிவிட்டேன். கொசு பறந்தாலும் பதிவை நிறுத்தி மறுபடி எடுத்த இரண்டு ஒலிப்பதிவாளர்கள், ஒரு முழு சரணத்தை ஒன்றும் கேட்காதவர்கள் போல விட்டிருக்கிறோம். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். நான் கேட்டேன்.

"போஸ்ட் பண்றதுக்கு முன்னால, அந்த ஞாயித்துக்கிழமையே, நீயும் போட்டுக் கேட்டியா அந்தோணி?"